முத்திரை இல்லாத ஒரு மூட்டை

கோல்டுபுரூக், ரோட் ஐலண்ட்
1832 ஜூன் 9

அன்புத் தங்கை லவீனியாவுக்கு அண்ணன் அசாஹெல் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி மெஹிட்டபெல்லும் பிள்ளைகளும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அண்ணிக்கு மட்டும் முழங்கால் வலி. படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை என்னைத் திட்டுகிறாள். நீயும் மாப்பிள்ளை கார்னீலியஸும் குழந்தை ஹாரியட்டும் காய்ச்சல் அண்டாமல் இருக்கிறீர்களா என்று எழுது. கரோலினாவின் கோடையை நினைத்தாலே எனக்கு இங்கே வியர்க்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் மே மாதம் முடிவதற்குள் மாப்பிள்ளையிடமிருந்து அளவு வந்துவிடும். உங்கள் தோட்டத்து அடிமைகளை வரிசையாக நிறுத்தி, கோலை வைத்து உயரம் பார்த்து, யாருக்கு எத்தனை கஜம் என்று எழுதி அனுப்புவார். நாங்கள் கோடையில் நெய்து அக்டோபரில் கப்பலேற்றுவோம். குளிர் தொடங்கும்போது அவர்கள் முதுகில் துணி ஏறிவிடும். நீ கல்யாணமாகி அங்கே போனதிலிருந்து இது தவறியதில்லை. இந்த வருஷம் ஜூன் பிறந்தும் ஒரு வரி இல்லை.

மாப்பிள்ளைக்கு என் மேல் கோபம் என்று தெரியும். வெளிநாட்டுத் துணிக்குச் சுங்க வரி போட்டதே நான்தான் என்பது போலப் போன கடிதத்தில் எழுதியிருந்தார். வரி போட்டது வாஷிங்டன். அது இல்லாவிட்டால் இங்கிலாந்துக்காரன் விற்காத சரக்கையெல்லாம் நம் துறைமுகத்தில் கொட்டி, அடிமாட்டு விலைக்கு விற்று, என் ஆலையை ஒரே வருஷத்தில் இழுத்து மூட வைப்பான். மூடிய பிறகு அவன் சொன்னதுதான் விலை. இது புரியப் பெரிய படிப்பு வேண்டாம். பஞ்சு விற்கிறவருக்கு மட்டும் ஏனோ புரியவில்லை.

அவரிடம் நயமாகப் பேசி அளவை அனுப்பச் சொல். கேட்காவிட்டால் கேட்கும் வரை சொல். நம் அம்மா அப்பாவிடம் அப்படித்தானே காரியம் சாதித்தாள்.

ஹாரியட்டுக்கு என் முத்தங்கள்.

அன்புள்ள அண்ணன்,
அசாஹெல்


பிரிட்சார்ட் தோட்டம், சார்ல்ஸ்டன் அருகே
1832 ஜூலை 11

அன்புள்ள அண்ணனுக்கு லவீனியாவின் வணக்கம்.

இங்கே மூவரும் நலம். ஹாரியட்டுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அதையும் எண்ணிக் காட்டி எல்லோரிடமும் பெருமையடிக்கிறாள். அண்ணியின் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் அனுப்புகிறேன். அவள் திட்டுவது முழங்காலால் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

அளவு வராது அண்ணா. காத்திருக்க வேண்டாம்.

ஜூலை நான்காம் தேதி விருந்தில் அவர் எழுந்து பேசினார். அவர் பேச எழுந்தால் நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழக்கம். அன்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. "நூறு பொதி பஞ்சு வெளையிது. அதுல நாப்பது பொதி வரின்னு போவுது. எங்க போவுது? என் மச்சான் ஆலைக்குப் போவுது. திருடன்னா ராத்திரி வருவான், இவன் சட்டப் பொஸ்தகத்தோட பகல்லயே வர்றான்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். இனி அவர் வேலிக்குள், எஜமானானாலும் அடிமையானாலும், யார் உடம்பிலும் புதிதாக வடக்கத்தி நூலும் ஏறாது, வரி கட்டின இங்கிலாந்து நூலும் ஏறாது. எங்கள் பஞ்சு, எங்கள் தறி. ஆண்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார்கள். பக்கத்துத் தோட்டத்துச் சீமாட்டி அழுதேவிட்டாள். அவரைக் கணவராக அடைந்தது எவ்வளவு பெரிய பேறு என்று எனக்கு மூன்று பேர் சொன்னார்கள்.

கொட்டகையில் ஒட்டடை பிடித்துக் கிடந்த இரண்டு தறியைத் துடைத்து, கணப்பு அடுப்புள்ள பின்கட்டு அறையில் போட்டிருக்கிறோம். ஹாரியட்டுக்குப் பால் கொடுத்து வளர்த்த பைனாவை அதில் உட்கார வைத்தாயிற்று. கெட்டிக்காரி, சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவள் மகள் ஜூபாவுக்கும் ஹாரியட்டுக்கும் ஒரே வயது, நான்கு. இரண்டும் தறிக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுக்கின்றன.

நீங்கள் கோபப்படக் கூடாது.

தங்கை,
லவீனியா


கோல்டுபுரூக்
1832 ஆகஸ்ட் 6

தங்கைக்கு,

தைலம் வந்தது, வலி போகவில்லை. மற்றபடி குறையில்லை. உங்கள் மூவரின் சுகத்துக்கும் ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறோம்.

திருடன் என்ற பட்டத்தை மெஹிட்டபெல்லுக்குப் படித்துக் காட்டினேன். திருடிய சொத்தெல்லாம் எங்கே என்று கேட்கிறாள். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு செய்தி சொல். வாஷிங்டனில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மற்றதற்கெல்லாம் வரி ஏறக்குறைய அப்படியே. ஆனால் அடிமைகளுக்கான முரட்டுக் கம்பளிக்கு, நான் நெய்கிற அதே துணிக்கு, வருகிற மார்ச்சிலிருந்து வரி நூற்றுக்கு ஐந்துதான். தெற்கத்திக்காரர்களைச் சமாதானப்படுத்த என் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள். அவர் குதித்துக் கொண்டாட வேண்டிய நேரம் இது. இனியும் வாங்க மாட்டேன் என்றால் வரிக்காக அல்ல, வீம்புக்காக.

நான் பாதித் தறியை நிறுத்திவிட்டேன். பன்னிரண்டு பெண்களை வீட்டுக்கு அனுப்பினேன். அதில் ஒருத்தி, ரோடா பெக் என்ற விதவை, வாசலில் நின்று "எவனோ கரோலினாக்காரன் சட்டை வேணாம்னா நான் எதுக்குங்க பட்டினி கெடக்கணும்?" என்று கேட்டாள். இதை மாப்பிள்ளைக்கு அப்படியே படித்துக் காட்டு. பதில் தெரிந்தால் எழுதச் சொல்.

இன்னொன்றும் கேட்கிறேன். இரண்டே தறியை வைத்துக்கொண்டு இந்தக் குளிருக்கு உங்கள் ஆட்கள் எதை உடுத்துவார்கள்?

அசாஹெல்


பிரிட்சார்ட் தோட்டம்
1832 அக்டோபர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். தேர்தல் அமளி. வீட்டில் வராத ஆள் இல்லை, தின்னாத பன்றி இல்லை. எல்லோரும் சௌக்கியம். அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜெயித்துவிட்டோம். வரிச் சட்டமே இந்த மாகாணத்தில் செல்லாது என்று அறிவிக்க அடுத்த மாதம் மாநாடு கூடுகிறது. ஐந்து சதவிகிதச் சமாசாரத்தைச் சொன்னேன். "நாய்க்கு எலும்பு போடுறான் உங்கண்ணன் ஊர்க்காரன். இரும்புக்கும் சர்க்கரைக்கும் கொள்ளையடிச்சிட்டு, அடிமைத் துணிக்குத் தள்ளுபடியாம்" என்றார். வாங்குவதை நிறுத்தியது விலைக்காக அல்ல, மானத்துக்காகவாம்.

வெற்றி விருந்துக்கு அவர் வீட்டுத் தறிக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார், தொப்பியில் எங்கள் கட்சியின் நீல ரிப்பன். கோட்டு பைனா நெய்தது. பஞ்சு நிறத்திலேயே, கழுத்தில் மட்டும் அவுரி நீலக் கரை. அதைப் பார்த்துவிட்டுக் கட்சிக்காரர்கள் பதினெட்டு பேர் அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். இல்லையென்று சொன்னால் நன்றாக இருக்குமா? மாநாட்டுக்கு எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு போவதாகத் திட்டம். பைனாவும் இன்னொருத்தியும் விடிந்தது முதல் விளக்கு வைத்த பிறகும் நெய்கிறார்கள். எனக்கும் ஒரு பாவாடை ஆகிறது. கொஞ்சம் சொரசொரவென்று இருக்கிறது, ஆனால் எல்லோரும் புகழ்கிறார்கள்.

இங்கே இன்னும் வெயில்தான். அக்டோபர் என்றே தோன்றவில்லை.

அன்புடன்,
லவீனியா


பிரிட்சார்ட் தோட்டம்
1832 நவம்பர் 12

அண்ணா,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். அண்ணிக்குக்கூட வேண்டாம். எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

குளிர் முன்னாலேயே வந்துவிட்டது. மூன்று நாளாக வாடைக் காற்றும் மழையும். வழக்கமாகத் துணி கொடுக்கும் ஞாயிறன்று ஆட்கள் எல்லோரும் கொட்டகை முன்னால் வந்து நின்றார்கள். யாரும் வரச் சொல்லவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டார்கள். கங்காணி இந்த வருஷம் இல்லை என்று சொல்லி அனுப்பினான். வெறுங்கையோடு மழையில் திரும்பிப் போனார்கள். போன வருஷம் நீங்கள் அனுப்பிய துணியே இன்னும் சிலர் மேல் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வது மரியாதைக்குத்தான்.

ஜூபாவுக்கு இருமல். ஹாரியட்டின் பழைய கவுன் ஒன்றைக் கொடுத்தேன். மறுநாள் சமையற்கட்டு வாசலில் எட்டுத் தாய்மார்கள் பிள்ளையும் கையுமாக நிற்கிறார்கள். அவர் பார்த்துவிட்டு, ஒருத்திக்குக் கொடுத்தால் ஊருக்கே கொடுக்க வேண்டும் என்று அந்தக் கவுனையும் திரும்ப வாங்கி வைத்துவிட்டார்.

நேற்று பைனா தறியை விட்டு எழுந்து வந்து என்னிடம் பேசினாள். அவள் எதுவும் கேட்கிற ரகமில்லை. "எசமானியம்மா, எனக்கு வேணாம். கை ஆடுறப்ப ஒடம்பு சூடாயிரும். புள்ளைக்கு மட்டும் ரெண்டு கஜம் கம்பளி. ஒங்க அண்ணனுக்கு ஒரு வரி போடுங்க" என்றாள். அவள் மடியில் யாரோ ஒரு கட்சிக்காரரின் கோட்டுத் துணி கிடந்தது.

சின்ன மூட்டையாக அனுப்புங்கள். ஒரு பெண்ணுக்கும் ஒரு குழந்தைக்கும் போதும். ஹாரியட்டின் குளிர்காலத் துணி என்று என் பெயருக்கே எழுதுங்கள். ஆலை முத்திரை அதில் இருக்கவே கூடாது. அவர் சத்தியம் செய்தவர். அதை உடைத்தது என் கை என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

சீக்கிரம் அண்ணா. ஜூபாவுக்கு இருமல் நெஞ்சில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

லவீனியா


கோல்டுபுரூக்
1832 டிசம்பர் 8

என் அருமைத் தங்கைக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாருக்கும் காட்டாதே என்றாய். மெஹிட்டபெல்லுக்குக் காட்டாமல் இருக்க என்னால் முடியாது, அவள் பாதிரியாருக்குக் காட்டாமல் இருக்க அவளால் முடியாது. நடந்தது நன்மைக்கே, கேள்.

பாதிரியார் அதைப் பெயர் சொல்லாமல் பிரசங்கத்திலேயே வைத்துவிட்டார். தங்கள் பஞ்சைத் தங்கள் முதுகில் போட்டு ஊர்வலம் போகும் கனவான்கள், பனியில் நடுங்கும் ஒரு குழந்தை என்று அவர் பேசப் பேச, பெண்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் யோசித்தேன். ஒரு மூட்டையைத் திருட்டுத்தனமாக அனுப்ப நாம் என்ன தப்புச் செய்தோம்? நல்ல காரியத்தை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும்? கிடங்கில் துணி பூச்சி அரித்துக்கொண்டு கிடக்கிறது.

ஆறு பொதி அனுப்பிவிட்டேன். உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் போதும். போன வாரம் பிராவிடன்ஸிலிருந்து கப்பல் புறப்பட்டது. ஒவ்வொரு பொதியிலும் ஆலை முத்திரையும், கீழே கொட்டை எழுத்தில் "வடக்கிலிருந்து ஓர் அன்பளிப்பு" என்றும் எழுத வைத்தேன். சார்ல்ஸ்டனில் மத்திய அரசின் பக்கம் நிற்கும் பத்திரிகைக்கும் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறேன். துறைமுகமே பார்க்கும். மாப்பிள்ளைக்கு வெட்கம் வந்தால் வரட்டும், வெட்கம் மனுஷனுக்கு நல்லதுதான்.

உன் பைனாவிடம் சொல், அவளுக்கும் குழந்தைக்கும் என்று தனியாக நல்ல மென்மையான துண்டு ஒன்று முதல் பொதியின் மேலேயே வைத்திருக்கிறது.

பெருமையுடன்,
அண்ணன்


பிரிட்சார்ட் தோட்டம்
1833 ஜனவரி 11

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நானும் அவரும் ஹாரியட்டும் நலம். அண்ணியின் முழங்கால் எப்படி?

பொதிகள் வந்து சேர்ந்தன. துறைமுகத்தில் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். பத்திரிகையில் இவர் பெயர் முழுதாகவே வந்திருந்தது, தோட்டத்தின் பெயரும்.

புத்தாண்டு அன்று வாயிலுக்கு வெளியே சாலை முக்கில் எரித்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் குதிரையில் வந்தார்கள். எல்லோரும் பைனா நெய்த கோட்டைப் போட்டிருந்தார்கள். கம்பளி லேசில் பற்றவில்லை, கருகிக் கருகி நாறியது. பைன் கட்டை அடுக்கித் தார் எண்ணெய் ஊற்றிய பிறகுதான் எரிந்தது. எங்கள் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னார். அன்று நல்ல குளிர். நெருப்பு எழுந்ததும் வரிசை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தது. கங்காணி இரண்டு தடவை பின்னால் தள்ளினான், அப்புறம் விட்டுவிட்டான். ஒரு கனவான் அதைப் பார்த்து, "உங்க மச்சான் சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டாருய்யா. துணி எல்லாருக்கும் கதகதப்பாத்தான் இருக்கு" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இனி நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம்.

ஹாரியட் உங்களுக்கு ஒரு பூனை வரைந்திருக்கிறாள், இணைத்திருக்கிறேன்.

லவீனியா


கோல்டுபுரூக்
1833 பிப்ரவரி 2

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் எனக்கு ரத்தக் கொதிப்பு. மற்றவர்கள் நலம். பூனை அழகு, சுவரில் மாட்டியிருக்கிறோம்.

ஆறு பொதி. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. ஆனால் கேள், பிராவிடன்ஸ், பாஸ்டன், நியூயார்க் வரை எல்லாப் பத்திரிகையிலும் அந்தத் தீதான் செய்தி. அனுப்பியவர் அசாஹெல் தர்பர் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. பாஸ்டனிலிருந்து ஒரு வியாபாரி என்னைப் பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கப்பல் மாலுமிகளுக்கான துணிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். நிறுத்திய தறியெல்லாம் ஓடுகிறது. ரோடா பெக்கைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டேன். விற்றிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட எரித்ததில் லாபம் அதிகம் என்று மெஹிட்டபெல் சொல்கிறாள். அவளுக்கு எப்போதும் நாக்கு நீளம். கம்பளி பற்றவே இல்லை என்று நீ எழுதியதை நான் விளம்பரத்திலேயே போடலாம்.

தேவாலயத்தில் எல்லோரும் அந்தக் குழந்தையைக் கேட்கிறார்கள். ஜூபா, ஜூபா என்று ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. நீ அவளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இருமல் விட்டதா?

அசாஹெல்


பிரிட்சார்ட் தோட்டம்
1833 ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே பூ பூத்துக் குலுங்குகிறது, நோய் நொடி இல்லை. உங்கள் எல்லோரின் சுகத்தையும் கேட்கிறோம்.

சண்டை முடிந்தது! ஒன்பது வருஷத்தில் வரியைப் படிப்படியாகக் குறைப்பதாக வாஷிங்டன் இறங்கி வந்துவிட்டது, எங்கள் மாநாடும் வரிச் சட்டம் செல்லாது என்ற அறிவிப்பை வாபஸ் வாங்கிவிட்டது. ஜெயித்தது நாங்கள் என்று இங்கே வாண வேடிக்கை. நீங்களும் ஜெயித்ததாக அங்கே சொல்லிக்கொள்வீர்கள் என்று அவர் சொல்கிறார். சார்ல்ஸ்டனில் நடனம் நடந்தது. நான் இங்கிலாந்துப் பட்டு உடுத்திக்கொண்டு போனேன். அந்தச் சொரசொரப் பாவாடையை ஒருத்தரும் போட்டு வரவில்லை. நானா முதலில் போடுவேன்?

ஹாரியட் எழுத்துக் கற்கிறாள். உங்களை மிகவும் நேசிக்கிறாள். கீழே அவர் இரண்டு வரி எழுத வேண்டும் என்கிறார், இடம் விடுகிறேன்.

லவீனியா

மைத்துனருக்கு, போனது போகட்டும். நீர் என்னை ஊர் சிரிக்க வைத்தீர், நான் உம் சரக்கைக் கொளுத்தினேன், கணக்குச் சரி. ஆட்கள் போன குளிரில் மெலிந்துபோனார்கள், வேலை கெட்டது, அறுவடை பாதி. இந்த வருஷம் பழையபடி துணி வேண்டும். அளவு அடுத்த மாதம் வரும். தறியைப் பிரித்து விறகுக்குப் போட்டுவிட்டேன். நெய்கிறவளையும் அலபாமா வியாபாரியிடம் விற்றாயிற்று, இனி அதற்குத் தேவையுமில்லை. நல்ல கெட்டித் துணியாக அனுப்பும். - கா. பிரிட்சார்ட்


கோல்டுபுரூக்
1833 மே 1

தங்கைக்கு,

மாப்பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சொந்த பந்தம் விட்டுப்போகாது. அளவு வந்தால் உடனே தறியில் பாவு நூல் ஓட்டச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் நலம். மெஹிட்டபெல் படி ஏறுவதையே விட்டுவிட்டாள், கீழேயே படுக்கை.

அவர் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. நெய்கிறவளை விற்றாயிற்று என்கிறார். பைனாவையா? குழந்தையோடா? நான் இங்கே எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. மழுப்பாமல் எழுது.

அசாஹெல்


பிரிட்சார்ட் தோட்டம்
1833 செப்டம்பர் 22

அண்ணா,

சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். நீங்கள் மூன்றாம் தடவையும் கேட்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பொதிகள் வந்த அன்று அவர் பத்திரிகையை என் முன்னால் போட்டுக் கேட்டார். கத்தவில்லை. "என் வீட்டுக் குளிரு ரோட் ஐலண்டுக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரு சொல்லி எழுதின?" என்றார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும். யார் சொல்லி என்று கேட்டார். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டார் அண்ணா, நான் அதன் வழியாக வெளியே வந்தேன். "பைனாதான் விடாம கேட்டுக்கிட்டே இருந்தா" என்றேன். பொய் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு தடவை, அதுதான் வித்தியாசம்.

அவளை அன்றே தறி அறையிலிருந்து எடுத்து வயலுக்கு அனுப்பினார். தறி அறையில் கணப்பு இருந்தது. ஜூபா அதன் பக்கத்தில்தான் இரவும் பகலும் கிடப்பாள். குடிசைக்குப் போன பிறகு எட்டு நாள்தான் தாங்கினாள். நெருப்பு எரிந்த அன்று பைனா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். உங்கள் மென்மையான துண்டு முதல் பொதியின் மேலேயே இருந்தது, நீங்கள் சொன்ன மாதிரி. அதைத்தான் முதலில் போட்டார்கள். ஜனவரியில் உங்களுக்கு நான் கடிதம் எழுதியபோது ஜூபாவைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஹாரியட் அவளைத் தேடி அழுதாள். அப்புறம் மெழுகுப் பொம்மை வாங்கிக் கொடுத்தோம், சரியாகிவிட்டது.

விற்றது அவர் முடிவு என்று நினைக்காதீர்கள். நான்தான் விற்கச் சொன்னேன். பைனா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கங்காணியிடம் விட்டிருப்பேன். வயலிலிருந்து திரும்பும்போது தினமும் என் ஜன்னலுக்குக் கீழே நின்று ஹாரியட்டைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போய்விடுவாள், அவ்வளவுதான். ஒரு பெண் என் குழந்தையை அப்படிப் பார்ப்பதை எத்தனை நாள் நான் தாங்க முடியும்?

எனக்கு வருத்தமில்லை என்று நினைக்காதீர்கள். ஹாரியட் இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் கட்ட முடியாது. நான் கேட்டது ஒரு சின்ன மூட்டை. முத்திரை வேண்டாம் என்று எழுதினேன், அந்த எழுத்து உங்களுக்குப் புரியாமல் இல்லை. உங்களுக்கு உங்கள் பெயரை ஊர் பார்க்க வேண்டும். எங்கள் மாகாணம் மானத்துக்காக ஜூபாவுக்குத் துணி கொடுக்கவில்லை. உங்கள் மாகாணம் பேருக்காகக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் செத்தது அவள், நாம் இல்லை. அண்ணா, இனி இதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அனுப்பிய அளவில் ஒரு திருத்தம். சிறுபிள்ளைகளுக்கான துணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜூபா ஒருத்தி மட்டுமல்ல.

லவீனியா


கோல்டுபுரூக்
1833 டிசம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

கடவுள் அருளால் இங்கே அனைவரும் சுகம், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். துணி இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். இந்தத் தடவை கெட்டியாகவே நெய்திருக்கிறோம், மாப்பிள்ளைக்குப் பிடித்ததா என்று எழுதச் சொல். சிறு அளவுகளைக் குறைத்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்து, கணப்பில் போட்டுவிட்டேன். மெஹிட்டபெல்லுக்குக் காட்டவில்லை. நீ கேட்டபடி நானும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

அறுவடை நன்றி நாள் ஆராதனை முடிந்ததும் சபையார் எனக்கு ஒரு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார்கள். "குளிரில் வாடியோருக்கு ஆடை அனுப்பியவருக்கு" என்று பொறித்திருக்கிறது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பாதிரியார் கையில் திணித்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அப்போது பின் வரிசையிலிருந்து ரோடா பெக் குரல் கொடுத்தாள். "அந்தப் புள்ள எப்படிங்க இருக்கு? இருமல் விட்டுச்சா?" என்றாள். சபை முழுதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கையில் கோப்பை. நான் என்ன செய்வேன், சொல்?

நன்றாக இருக்கிறாள் என்றேன். நன்றாக வளர்ந்துவிட்டாள் என்றும் சொன்னேன்.

ரோடா வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். வேலை இல்லாத நாட்களில் ஜூபாவுக்கென்று பின்னி வைத்திருந்தாளாம், ஒரு ஜோடிச் சிவப்புக் கையுறை. ஐந்து வயதுக் குழந்தைக்கான அளவு. வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இங்கே வைத்திருந்தால் யாராவது பார்ப்பார்கள். அதனால் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். நல்ல கம்பளி, ஹாரியட்டுக்குச் சரியாக இருக்கும்.

என்றும் அன்புள்ள அண்ணன்,
அசாஹெல்